சேலஞ்சர்: கேள்வியைத் திருப்பிப் போட்ட ஓர் இரவு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். காபி குடித்துவிட்டுப் போகிற நேரத்தில்தான் வந்த விஷயத்தைச் சொன்னான். "சார், ஒரு லாட் சரக்கு எனக்குச் சரியாப் படலை. நிறுத்தி வைக்கலாம்னு சொன்னேன். 'இது ஃபெயில் ஆகும்னு உன்னால உறுதியாச் சொல்ல முடியுமா'ன்னு மேனேஜர் கேட்டார். உறுதியா எப்படி சார் சொல்றது? முடியாதுன்னேன். 'அப்ப கையெழுத்துப் போடு'ன்னுட்டார். நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் முன்பே எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அவன் போன பிறகு நினைவுக்கு வந்தது. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் ஒரு தொலைபேசிக் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது. மறுநாள் காலை ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நம்மைப் போல ஓர் ஆசிரியை.

அந்தச் செய்தி வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். டீக்கடை பேப்பரில் பார்த்தேன். விண்கலம் வெடித்தது என்பதைவிட, உள்ளே ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார் என்ற வரிதான் என்னை நிறுத்தியது. கிறிஸ்டா மெக்காலிஃப். வயது 37. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்ட் ஊரில் சமூக அறிவியல் ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்த 11,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, அதில் தேர்வானவர். அமெரிக்கா முழுக்க எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகளை டி.வி. முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். கிளம்பிய 73 வினாடியில் கலம் சிதறியது.

அப்போது 'விபத்து' என்றுதான் நினைத்தேன். இயந்திரம் என்றால் பழுதாகும்தானே. பல வருடம் கழித்து விசாரணை அறிக்கையைப் பற்றிப் படித்த பிறகுதான், கலம் பழுதாவதற்கு முன் ஒரு கேள்வி பழுதாகியிருந்தது என்று புரிந்தது.

பழுதான பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்கலத்தின் இரு பக்கமும் வெள்ளை நிறத்தில் நீளமாக இரண்டு பூஸ்டர் ராக்கெட்டுகள் நிற்கும். அவற்றைச் செய்தது யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோக்கால் என்ற நிறுவனம். பூஸ்டர் ஒரே துண்டாக வராது. துண்டு துண்டாகச் செய்து ரயிலில் ஃபுளோரிடாவுக்கு அனுப்பி, அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். பொருத்துகிற மூட்டில் உள்ளிருக்கும் நெருப்பு வாயு கசியாமல் இருக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்று பெயர். வளையத்தின் சுற்று பெரியது, குறுக்களவு சுமார் 12 அடி. ரப்பரின் தடிமனோ நம் சுண்டு விரல் அளவுகூடக் கிடையாது.

நம் வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது வளைந்து கொடுத்து இடுக்கை அடைத்தால்தான் ஆவி வெளியே வராது. அதே கேஸ்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பாருங்கள், விறைத்துப்போயிருக்கும். ஓ-ரிங்குக்கும் அதே கதைதான். குளிரில் விறைத்தால், பற்றவைத்த அந்தக் கண நேரத்தில் நகர்ந்து இடுக்கை அடைக்காது.

தயோக்கால் இன்ஜினியர்களுக்கு இது தெரியும். 1985 ஜனவரியில் ஒரு பயணம், அப்போது மூட்டின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 12 செல்சியஸ். திரும்பி வந்த பூஸ்டரைப் பிரித்தால் முதல் வளையத்தைத் தாண்டிக் கரி படிந்திருந்தது. ரோஜர் போஜோலே என்ற இன்ஜினியர் அதைத் தன் கண்ணால் பார்த்தார். அந்த ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதினார்: இதைச் சரி செய்யாவிட்டால் பேரழிவு நேரும், உயிர் போகும் என்று. எழுத்தில் கொடுத்தார், ஐயா. வாய்ச்சொல் அல்ல.

1986 ஜனவரி 27. ஏற்கெனவே பல முறை தள்ளிப்போன பயணம். அன்றும் கதவின் கைப்பிடி போல்ட் ஒன்று மாட்டிக்கொண்டது, பிறகு காற்று அதிகம், ஒத்திவைத்தார்கள். மறுநாள் அதிகாலை ஃபுளோரிடாவில் உறைநிலைக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை வந்தது. யூட்டாவில் இன்ஜினியர்கள் பதறிப்போனார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் மூன்று இடங்களை இணைத்துத் தொலைபேசிக் கூட்டம். யூட்டாவில் நிறுவனம், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், ஃபுளோரிடாவில் ஏவுதளம். இன்ஜினியர்கள் அவசரத்தில் தயாரித்த தாள்களை, பெரும்பாலும் கையால் எழுதியவை, ஃபேக்ஸில் அனுப்பினார்கள். முடிவு தெளிவாக இருந்தது. 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம்.

நிறுவனத்தின் இன்ஜினியரிங் துணைத் தலைவர் பாப் லண்ட் அவர்களே அதைப் படித்தார். இதுவரை எல்லாம் சரி.

நாசா பக்கம் எதிர்ப்பு வந்தது. ஜார்ஜ் ஹார்டி, உங்கள் பரிந்துரையைக் கேட்டு அதிர்ந்துபோனேன் என்றார். ஆனால் தயாரிப்பாளர் வேண்டாம் என்றால் ஏவமாட்டேன் என்றும் சொன்னார். லாரன்ஸ் மல்லாய், அடக் கடவுளே, பிறகு எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா என்று கேட்டார். இதில் நான் ஒன்று சொல்ல வேண்டும். இவர்களைச் சினிமா வில்லன் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஏவுவதற்கு முந்தின இரவு புது வெப்பநிலை விதி கொண்டு வருகிறீர்களே, இதற்கு ஆதாரம் என்ன என்பது மல்லாயின் கேள்வி. தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். நாம்கூட வகுப்பில் "காரணம் சொல்" என்றுதானே கேட்கிறோம்.

ஆனால் கேள்வி எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். அதுவரை இருந்த வழக்கம் வேறு. ஏவுகிறவர்தான் "இது பாதுகாப்பானது" என்று நிரூபிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஏவக் கூடாது. அந்த இரவில் அது அப்படியே புரண்டது. சந்தேகப்படுகிறவர் "இது நிச்சயம் தோற்கும்" என்று நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் ஏவலாம். கையில் இருந்த தகவல் ஒன்றுதான். முதல் கேள்விக்கு அது "ஏவாதே" என்கிறது, இரண்டாம் கேள்விக்கு அதே தகவல் "ஏவு" என்கிறது. லண்ட், போஜோலே இருவருமே பின்னால் விசாரணையில் இதைத்தான் சொன்னார்கள். வழக்கமாக, பறக்கலாம் என்று காட்டச் சொல்வார்கள், அன்று பறக்கக் கூடாது என்று காட்டச் சொன்னார்கள் என்று. யாரும் உரக்க அறிவித்து மாற்றவில்லை. பேச்சின் போக்கில் மாறிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த முப்பதுக்கு மேற்பட்டவர்களில் ஒருவர்கூட "நிறுத்துங்கள், கேள்வி மாறிப்போச்சு" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

தயோக்கால்காரர்கள் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று இணைப்பைத் துண்டித்தார்கள். அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆனது. இந்த அரை மணி நேரத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மேலாளர் ஜெர்ரி மேசன், இது நிர்வாக முடிவாக எடுக்க வேண்டியது என்றார். அப்படியென்றால் இன்ஜினியர்களுக்கு ஓட்டு இல்லை. போஜோலேயும் ஆர்னி தாம்ப்சனும் விடவில்லை. தாம்ப்சன் எழுந்து போய் மேலாளர்கள் முன்னால் தாளை வைத்து மூட்டின் படத்தை வரைந்து காட்டினார். போஜோலே கரி படிந்த வளையத்தின் போட்டோக்களை எடுத்துப் போட்டு, இதைப் பாருங்கள் என்றார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை என்று புரிந்ததும் இருவரும் தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். நான்கு மேலாளர்களில் தயங்கியவர் லண்ட் ஒருவர்தான். அவரிடம் மேசன் சொன்ன வார்த்தை இன்று உலகம் முழுவதும் நிர்வாகவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

தலை அதேதான், தொப்பிதான் வேறு. ரப்பருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? ஆனால் மனுஷனுக்குத் தெரிகிறது. இன்ஜினியராக இருக்கும்வரை லண்ட் முன்னால் இருந்த கேள்வி "இந்த மூட்டு தாங்குமா?" நிர்வாகியானதும் "இந்த வாடிக்கையாளரை என்ன செய்வது?" நாசா அவர்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். பூஸ்டர் செய்ய இன்னொரு நிறுவனத்தையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. லண்ட் சம்மதித்தார். திரும்ப இணைப்புக்கு வந்து, ஏவலாம் என்றார்கள். எழுத்தில் வேண்டும் என்றது நாசா.

வழக்கமாக ஏவுதளத்தில் இருக்கும் நிறுவனப் பிரதிநிதிதான் கையெழுத்துப் போடுவார். அங்கே இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். அவர் போடமாட்டேன் என்றார். ஏதாவது நடந்தால், ஏன் ஏவச் சொன்னாய் என்று விசாரணைக் குழுவின் முன் நின்று பதில் சொல்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்றும் சொன்னார். யூட்டாவிலிருந்து வேறொரு மேலாளர் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். அதோடு முடிந்தது. ஏவலாமா என்று கடைசியாக முடிவு செய்கிற நாசா உயர் அதிகாரிகளுக்கு, இப்படி ஒரு வாக்குவாதம் நடந்தது என்பதே போய்ச் சேரவில்லை.

இங்கே இன்ஜினியர்கள் பக்கமும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கணக்கு வாத்தியாராக இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அவர்கள் 12 செல்சியஸில் கரி படிந்த பயணத்தைக் காட்டியதும், எதிர்த் தரப்பு கேட்டது: 75 ஃபாரன்ஹீட்டில், சுமார் 24 செல்சியஸில் போனதிலும் கரி இருந்ததே, அப்புறம் குளிரை எப்படிக் குற்றம் சொல்வது? குளிரில் போனதில் கரி மிக மோசம் என்று போஜோலே சொன்னார். ஆனால் எண்ணாகக் காட்ட அவரிடம் போதுமானது இல்லை.

விசாரணைக் குழு பிறகு என்ன செய்தது தெரியுமா? பாதிப்பு வந்த பயணங்களோடு பாதிப்பே வராத பயணங்களையும் சேர்த்து வரைபடம் போட்டது. 66 ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் போன 20 பயணங்களில் பாதிப்பு மூன்றில்தான். 63-ம் அதற்குக் கீழும் போன நான்கு பயணங்களில் நான்கிலும் பாதிப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துவிடும் இதை.

காய்ச்சல் வந்த பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிற்க வைத்து "மழையில் நனைந்தவர் யார்" என்று கேட்டுப் பாருங்கள். நனைந்தவனும் இருப்பான், நனையாதவனும் இருப்பான். மழைக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம். காய்ச்சல் வராதவர்களையும் நிறுத்தி, அவர்களில் எத்தனை பேர் நனைந்தவர்கள் என்று எண்ணினால்தான் உண்மை தெரியும். சட்டத்துக்குள் என்ன வைக்கிறோம் என்பது மட்டுமல்ல, எதை வெளியே விட்டுவிட்டோம் என்பதும் முடிவை மாற்றும். அந்த இரவில் வாதத்துக்குத் தேவையான தகவல் கோப்பில்தான் இருந்தது, மேசைக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஏவுதளமெல்லாம் பனிக்கட்டி தொங்கியது. விண்கலத்தைச் செய்த ராக்வெல் நிறுவனம் அதைப் பார்த்து, பறப்பது பாதுகாப்பு என்று எங்களால் உறுதி தர முடியாது என்றது. அவர்கள் மனதில் அது "வேண்டாம்". நாசா காதில் அது "ஆட்சேபம் இல்லை, கவலை மட்டும்". நாசூக்காகச் சொன்ன மறுப்பு மறுப்பாகவே போய்ச் சேரவில்லை. நம் அலுவலகங்களில் "பார்த்துச் செய்யுங்க சார்" என்று சொல்கிறோமே, அது மாதிரி.

யூட்டாவில் பாப் எபெலிங் என்ற இன்ஜினியர், அது வெடிக்கப் போகிறது என்று முந்தின இரவே மனைவியிடம் சொல்லியிருந்தார். போஜோலே பார்க்கவே விரும்பவில்லை. எபெலிங்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஏவுமேடையிலேயே வெடிக்கும் என்று இருவரும் பயந்திருந்தார்கள். கலம் மேலே போனதும் பெருமூச்சு விட்டார்கள். அறுபதாவது வினாடியில் எபெலிங், இப்போதுதான் நன்றி சொல்லி ஜெபம் முடித்தேன் என்றாராம். அதற்குப் பிறகு 13 வினாடி.

விசாரணைக் குழு அமைந்தது. நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் அதில் துணைத் தலைவர். பிப்ரவரியில் ஒரு மூடிய விசாரணையில், அந்த இரவு நடந்ததை நாசா அதிகாரிகள் பட்டும் படாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மெக்டொனால்ட் தானாக எழுந்து, 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருந்தோம் என்றார். மறுநாள் இயற்பியலாளர் ஃபைன்மன் வளையத்தின் ரப்பர்த் துண்டை இடுக்கியில் மாட்டி, முன்னால் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே வரவில்லை. நல்ல ஆசிரியருக்கு ஒரு டம்ளர் போதும்.

அவரே அறிக்கையின் பின்னிணைப்பில் இன்னொன்றும் எழுதினார். விண்கலம் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் இன்ஜினியர்கள் நூற்றில் ஒன்று என்கிறார்கள், நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்கிறது என்று. லட்சத்தில் ஒன்று என்றால் தினம் ஒரு கலம் என 300 வருடம் ஏவினாலும் ஒன்றுதான் போகும். சேலஞ்சர் 25-வது பயணம்.

பெரிய வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த, தன் இன்ஜினியர்களின் கருத்துக்கு மாறாக நிறுவனம் நிலையை மாற்றிக்கொண்டது என்று குழு எழுதியது. நான் இதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். டயான் வாகன் என்ற சமூகவியலாளர் 1996-ல் எழுதிய ஆய்வைப் பற்றி அறிந்த பிறகு கொஞ்சம் மாறினேன். யாரும் தெரிந்தே சட்டத்தை மீறவில்லை, ஒவ்வொரு முறையும் கரி படிந்தும் கலம் பத்திரமாகத் திரும்பியதால் கரி படிவதே சகஜமாகிவிட்டது என்பது அவர் வாதம். பேராசையைவிட இது எனக்கு அதிகப் பயம் தருகிறது. ஏனென்றால் இதை நானே செய்திருக்கிறேன்.

ஒரு வருடம் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பஸ்ஸின் பின் டயர் வழுக்கையாக இருந்தது. வேறு வண்டி கேட்கலாமே என்றேன். "ஏன் வாத்தியாரே, வெடிச்சிரும்னு எழுதித் தர்றீங்களா?" என்று சிரித்தார் ஏற்பாடு செய்தவர். பிள்ளைகள் எல்லாம் ஏறி உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஏறி உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் அதே வண்டி வந்தபோது நான் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

2003-ல் கொலம்பியா போனது, நம் கல்பனா சாவ்லாவோடு. ஏவியபோது நுரைத் துண்டு ஒன்று உடைந்து இறக்கையில் அடித்தது. அடுத்த பயணத்துக்குமுன் சரி பார்க்க வேண்டிய பராமரிப்பு வேலை என்ற தலைப்பின்கீழ் அதைப் போட்டுவிட்டார்கள். இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்ட இன்ஜினியர்கள், ஆபத்து இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டிய நிலையில் நிறுத்தப்பட்டார்கள் என்று அந்த விசாரணை அறிக்கையும் எழுதியது. 17 வருடம் கழித்து, அதே புரட்டிப் போட்ட கேள்வி.

மெக்டொனால்டை நிறுவனம் பதவி இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பிய பிறகு திரும்ப எடுத்து, மூட்டைப் புதிதாக வடிவமைக்கிற வேலையை அவரிடமே கொடுத்தார்கள். போஜோலே உடம்பும் மனமும் நொந்து வேலையை விட்டார். பிறகு கல்லூரி கல்லூரியாகப் போய் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்து 2012-ல் காலமானார். எபெலிங் தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று 30 வருடம் வருந்தினார். 2016-ல் வானொலி ஒன்றில் அதைச் சொன்னதும், உங்கள் தவறு இல்லை என்று முகம் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் அவருக்கு எழுதினார்கள். அந்தக் கடிதங்களை வாசிக்கக் கேட்டு, சில வாரங்களில் கண் மூடினார்.

கிறிஸ்டாவுக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த இன்னொரு ஆசிரியை உண்டு. பார்பரா மார்கன், ஐடஹோ மாநிலத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியை. விபத்துக்குப் பிறகு திரும்பப் போய்ப் பாடம் நடத்தினார். 2007 ஆகஸ்டில், 21 வருடம் கழித்து, எண்டெவர் கலத்தில் ஏறினார். அதன் பூஸ்டர்களில் மூட்டுக்கு மூன்று வளையம் இருந்தது, குளிரில் விறைக்காமல் இருக்க வெப்பமூட்டியும் இருந்தது. மேலே போய், ஐடஹோவில் கூடியிருந்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.